இருபது நிமிடம்

மாசிலாமணி இருபத்து மூன்று ஆண்டுகள் போர் நடக்கும் நாடுகளிலிருந்து செய்தி அனுப்பியவர். ஐம்பத்தேழாவது வயதில் வேலையை விட்டுவிட்டு, குற்றாலம் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த பூரணி அம்மையின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். அம்மை அவரைவிட ஏழெட்டு வயது இளையவர்.

மூன்று மாதம் மடத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார். யாரோடும் அதிகம் பேசவில்லை. ஒருநாள் காலை அம்மை கிழிந்த கொசுவலையைத் தைத்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“அம்மை, ஒன்று கேட்க வேண்டும்.”

“கேளுங்கள்.”

“ஐந்து வருடத்துக்கு முன்னால், முற்றுகையில் மாட்டிக்கொண்ட ஓர் ஊரில் இருந்தேன். ரொட்டிக்கு நின்ற வரிசையில் குண்டு விழுந்தது. ஒருவர் அடிபட்ட தன் மகளைத் தூக்கிக்கொண்டு என் வண்டிக்கு ஓடிவந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேட்டார்.”

அம்மையின் கை நின்றது.

“இருபது நிமிடம் பொறுங்கள் என்றேன். மாடிக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். செய்தியை உடனே அனுப்பாவிட்டால் மறுநாள் பத்திரிகையில் வராது. அனுப்பிவிட்டு இறங்கி வந்தேன். அவர் இல்லை.”

“செய்தியில் என்ன எழுதினீர்கள்?”

“செத்தவர்கள் எத்தனை பேர், குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எல்லாம் எழுதினேன். அது வெளியான பிறகுதான் இரண்டு லாரி மருந்தை ஊருக்குள் விட்டார்கள். அதனால் பிழைத்தவர்கள் உண்டு. அதுவும் நிஜம்தான், அம்மை.”

“அவர் வண்டி கேட்டதை?”

“எழுதவில்லை.”

“நான் செய்தது தப்பா?” என்றார் மாசிலாமணி.

“அவர் இப்போது எங்கே இருக்கிறார்?”

“தெரியாது.”

“ஆட்களைத் தேடிப்போய்ப் பேசுவதுதானே உங்கள் தொழில்?”

அம்மை மறுபடி தைக்கத் தொடங்கினார். மாசிலாமணி அடுத்த வாரம் கிளம்பிப் போனார்.

ஏழு மாதம் கழித்துத் திரும்பினார். மிகவும் இளைத்திருந்தார். பையைக்கூட இறக்கி வைக்காமல் அம்மையின் முன்னால் நின்றார்.

“பார்த்தீர்களா?”

“பார்த்தேன். பக்கத்து நாட்டில் ஓர் அகதி முகாமில் இருக்கிறார். துணி தைத்துப் பிழைக்கிறார். மகள் பெயர் ஹாலா. அப்போது எட்டு வயது. தூக்கிக்கொண்டு நடந்தே போயிருக்கிறார். பாதி வழியிலேயே அவள் போய்விட்டாள்.”

“நீங்கள் யாரென்று சொன்னீர்களா?”

“சொன்னேன். இருபது நிமிடம் என்று சொன்னவன் நான்தான் என்றேன். என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். அன்றைக்கு வழியெல்லாம் பதினோரு வண்டிகளை மறித்தாராம். ஒரு முகமும் நினைவில் இல்லை, மன்னியுங்கள் என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், அம்மை.”

மாசிலாமணி பையைக் கீழே வைத்தார்.

“இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே என்று தேநீர் போட்டுக் கொடுத்தார். குடிக்க மனம் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், குடித்தேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு மாசிலாமணி கேட்டார்.

“அவருக்கே என்னை நினைவில்லை. இனி நானும் அதை மறந்துவிடலாமா?”

“அந்த வண்டிகளில் போனவர்கள் வேறு யாராவது அவரைத் தேடி வந்தார்களா?”

“இல்லை. நான் ஒருவன்தான் வந்தேனாம்.”

“அப்படியென்றால் அவர்களுக்கும் சேர்த்து நீங்களே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.”