ஓட்டம் காட்டிய ஓணான்

வறண்டுபோன காட்டுக் குளத்தின் கரையில் ஒரு வேலமரம் நின்றது. அதில் ஓர் ஓணானும் ஒரு பச்சோந்தியும் குடியிருந்தன. கண் மூடித் திறப்பதற்குள் ஓணான் எதிரே இருந்த கள்ளிப்புதருக்கு ஓடிவிடும். பச்சோந்தியோ ஓர் அடி எடுத்து வைக்கவே வெகுநேரம் யோசிக்கும்.

அந்தப் பக்கம் இரை தேடும் செம்போத்துப் பறவை ஒன்றுக்கு ஓணான்மேல் நெடுநாளாக ஒரு கண். துரத்தித் துரத்திப் பார்த்தது, பிடிபடவில்லை. ஒருநாள் அது தள்ளி நின்று பேச்சுக் கொடுத்தது.

"ஓணான் அண்ணே! உங்கள் வேகத்தைச் சொன்னால் என் குஞ்சுகள் நம்ப மாட்டேன் என்கின்றன. கள்ளிவரை ஒரு தடவை ஓடிக் காட்டுங்களேன்!"

"அதற்கென்ன, பார்!" ஓணான் ஓடித் திரும்பியது.

"அடடா! அதற்குள் கண் சிமிட்டிவிட்டேனே! இன்னொரு தடவை!"

ஓணான் மறுபடியும் ஓடி வந்தது. கிளையிலிருந்து பச்சோந்தி கத்தியது.

"ஓணானே, போதும், மேலே ஏறு! உன் தொடையில் இருப்பது வெளுத்த சதை. நரம்பு ஒரு தட்டுத் தட்டினால் மொத்தமாகத் துள்ளும். சீக்கிரமே ஓய்ந்தும் போகும். என் சதையை நரம்பு பல இடங்களில் தொட்டுக்கொண்டிருக்கிறது. அது மெல்லத்தான் இறுகும், ஆனால் நாளெல்லாம் கிளையை விடாது. உன்னுடையது அப்படியில்லை!"

"நகரத் தெரியாத உனக்குப் பொறாமை!" என்றது ஓணான்.

"சரியாகச் சொன்னீர்கள்!" என்றது செம்போத்து. "இந்தத் தடவை தலையை நிமிர்த்தி ஓடுங்கள், அண்ணே!"

ஓணான் தலையை நிமிர்த்தி ஓடியது. திரும்பி வரும் வழியில், வெட்டவெளி மணலில், கால்கள் நின்றுவிட்டன. மனம் ஓடு ஓடு என்றது. கால்கள் கேட்கவில்லை.

செம்போத்து அவசரப்படவில்லை. நடந்தே வந்தது.

"கொஞ்சம் பொறு! மூச்சு வாங்கிக்கொள்கிறேன்!" என்று ஓணான் கெஞ்சியது.

"நீ மூச்சு வாங்கத்தானே இவ்வளவு நேரம் காத்திருந்தேன்!"

பச்சோந்தி பதறிப்போய்க் கீழே இறங்கத் தொடங்கியது. ஒரு கையை நீட்டிக் கிளையைப் பற்றியது. பிறகு மறுகையை நீட்டியது. அதன் சதைக்கு அவசரம் தெரியாது. அது அடிமரத்தை எட்டியபோது மணலில் யாரும் இல்லை. செம்போத்தின் காலடித் தடம் மட்டும் புதரை நோக்கிப் போயிருந்தது.

எதிரியின் பாராட்டுக்காகத் தன் வலுவைச் செலவழிப்பவனுக்கு, உயிரைக் காத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் அது மிஞ்சாது.