உலகம்மாள் போட்ட மேப்

அநியாயம் நடந்தது உலகம்மாளுக்கு. நடத்தியது ஜாய்ஸ் அக்கா. படகில் ஒரே ஓர் இடம் இருந்தது. அது ரிஸ்வானாவுக்குப் போனது.

படகு தீவுக்குப் போகிறது. ஆளே இல்லாத தீவு. அங்கே கூடாரம் போட்டு, ஆன்டெனா நட்டு, ஹாம் ரேடியோவில் கூப்பிடப் போகிறார்கள். ஆளில்லாத தீவிலிருந்து ஒரு குரல் வந்தால் போதும், உலகத்தில் ஹாம் ரேடியோ வைத்திருக்கிற எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு பதில் சொல்வார்கள்.

பல்கலைக்கழக ரேடியோ மன்றத்தில் அந்த இடத்துக்கு ஆசைப்படாதவர்கள் கிடையாது. உலகம்மாள் லைசென்ஸ் வைத்திருக்கிறாள். ரிஸ்வானாவைவிட அதிகம் பேரோடு பேசியிருக்கிறாள். பிறகு இது எந்த ஊர் நியாயம்?

ஜாய்ஸ் அக்கா மன்றத்தை நடத்துகிற ஆய்வு மாணவி. நாலு வயசுதான் மூத்தவள். ஆனால் மோர்ஸ் தந்திச் சத்தத்தைக் கேட்டே எதிராளிக்குக் கை வலிக்கிறதா என்று சொல்லிவிடுவாள் என்பார்கள்.

உலகம்மாள் போனபோது அவள் ஒரு ஒயரை ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவளுக்கு எதுக்குக் குடுத்தீங்க?"

"நீயே சொல்லு."

"அவ மேப்தானே? சுவர்ல ஒட்டி வச்சிருக்கீங்களே."

சுவரில் இருந்தது உலக மேப். ரிஸ்வானா தன் லாக் புக்கில் எழுதியிருக்கிற ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு கோடு. பேசியவள் வீட்டிலிருந்து கிளம்பி, கேட்டவர் வீட்டில் போய் முடியும்.

"அவங்க வாப்பா மொட்டை மாடியில பெரிய ஆன்டெனா வச்சுக் குடுத்தாங்க. நான் தென்காசியில துணி காயப்போடுற கொடிக்குப் பக்கத்துல ஒரு கம்பியைக் கட்டிப் பேசுனேன். எது பெருசு?"

"உன்னுதுதான்."

"கிண்டல் பண்ணாதீங்கக்கா."

"நெசமாத்தான் சொல்லுதேன். அவ எதுவரைக்கும் பேசியிருக்கா?"

"சிலி. போன மாசம் ரெண்டாம் சனிக்கிழமை காலையில. அதுக்கு முந்தி பெரு. ஐஸ்லாந்துல ஒரே ஆளுகூட மூணு தரம். டாஸ்மேனியாக்காரர் ஒருத்தர் இவ சிரிக்கதைக் கேக்கவே வாராரு."

"நீ?"

உலகம்மாள் யோசித்தாள்.

"இருங்க. லாக் புக்கைப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

ஜாய்ஸ் அக்கா ஈயத்தை ஊதினாள்.

"அவ பேசுனதெல்லாம் உனக்கு எப்படிட்டி தெரியும்?"

"அவ பேசுற நேரத்துக்கு நானும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருவேன். ரேடியோவை அவ இருக்கிற அலைவரிசையிலயே திருப்பி வச்சுக் கேப்பேன்."

"அந்த நேரம் உன்னைய யாரும் கூப்பிட மாட்டாங்களா?"

"கூப்பிட்டிருப்பாங்க."

ஈயம் ஆறியது.

"உன் லாக்குக்கு ஒரு மேப் போட்டுக் கொண்டு வா. அதுல தப்பு ஒண்ணும் இல்லைன்னா படகுல நீ போ. ரிஸ்வானாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

விடுதியில் விஷயம் பரவிவிட்டது. "பேர்ல உலகத்தை வச்சிருக்கா, சுவர்ல வைக்க முடியல" என்றாள் அறைத் தோழி. உலகம்மாள் லாக் புக்கை எடுத்தாள். பதில்தான் மேப்பாக வரப் போகிறதே.

ரிஸ்வானாவின் மேப்பில் இருக்கிற அதே நிறம் வேண்டும். அதே கோடு, அதே எழுத்து. அப்போதுதான் பக்கத்தில் வைத்தால் எது பெரிது என்று தெரியும். மன்றத்துக் கம்ப்யூட்டரில் ரிஸ்வானாவின் கோப்பு யாரும் எடுக்கும்படிதான் கிடந்தது. அதை நகலெடுத்தாள். உள்ளே இருந்த ரிஸ்வானாவின் பேச்சுகளை எல்லாம் அழித்தாள். நகலில்தான், அவ்வளவு கெட்டவள் இல்லை.

அந்த இடத்தில் தன் லாக் புக்கிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

கென்யாக்காரர் இடத்தைத் தப்பாக எழுதியிருந்தாள். தேடித் திருத்தினாள். கடலில் விழுந்து கிடந்த ஒரு ஜப்பான்காரரைக் கரையேற்றினாள். ஒவ்வொருவரையும் இரண்டு தரம் சரிபார்த்தாள்.

இந்தியாவின் தென்முனையிலிருந்து கோடுகள் கிளம்பி மயில் தோகை மாதிரி விரிந்தன. இதற்குப் பக்கத்தில் வைத்தால் ரிஸ்வானாவுடையது தேய்ந்த விளக்குமாறு.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மன்றத்துக்கு ஓடினாள். ரிஸ்வானாவும் அங்கேதான் இருந்தாள், கூடாரக் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு. நல்லதாகப் போயிற்று.

ரிஸ்வானா கயிற்றைப் போட்டுவிட்டு வந்து பார்த்தாள்.

"மாஷா அல்லாஹ்! எவ்ளோ கோடு! ஏ உலகு, நைஜீரியா கூடப் பேசிட்டியா? எனக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே கெடைக்கல. எப்படிட்டி பிடிச்சே?"

உலகம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. ரிஸ்வானா வயிறெரிவாள் என்றல்லவா வந்திருந்தாள்!

"பாருங்கக்கா. தப்பு இருந்தாச் சொல்லுங்க."

ஜாய்ஸ் அக்கா பார்த்தாள். கென்யாவைப் பார்த்தாள். ஜப்பானைப் பார்த்தாள். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு கோட்டின் நுனியையும் பார்த்தாள்.

"எல்லாரும் அவங்கவங்க வீட்லதான் இருக்காங்க."

"நான்தான் சொன்னேனே!"

ஜாய்ஸ் அக்கா அம்புக்குறியைக் கொண்டுபோய் இந்தியாவின் தென்முனையில் வைத்தாள். மவுஸின் சக்கரத்தை உருட்டினாள்.

மேப் பெரிதானது. தமிழ்நாடு. இன்னும் உருட்டினாள். திருநெல்வேலி. தாமிரபரணி. ஆற்றைத் தாண்டி ஒரு ஊர். ஊருக்குள் ஒரு தெரு.

கோடுகள் எல்லாம் நெருங்கி நெருங்கி வந்து ஒரு மொட்டை மாடியில் கூடி நின்றன.

"ஏ, இது மேலப்பாளையம்! எங்க வீடுல்லா இது?"

ரிஸ்வானா சிரித்தாள். உலகம்மாளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

கோப்பின் முதல் வரி, 'என் நிலையம்'. கோடுகள் எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று சொல்கிற வரி. அதைத்தான் உலகம்மாள் மாற்றவில்லை.

"ஒரே ஒரு வரிக்கா. இப்பவே மாத்திருவேன்."

ஜாய்ஸ் அக்கா மேப்பை மேற்கே நகர்த்தினாள். மலை வந்தது. தென்காசி வந்தது. கோயில் வந்தது, அதற்குப் பின்னால் உலகம்மாளின் தெரு வந்தது.

அங்கே ஒரு கோடுகூட இல்லை.

"ஒரு வரிக்காக எல்லாமே தப்பாயிருமா? கம்பி கட்டுனது நான். கூப்பிட்டது நான். கென்யாக்காரருக்கு ரிஸ்வானா யாருன்னே தெரியாது!"

நியாயமான கேள்விதான். யாராக இருந்தாலும் கேட்பார்கள்.

ஜாய்ஸ் அக்கா அந்த வெறும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதில் சொல்லுங்கக்கா. பேசுனது நான்தானே?"

"நீதாம்ட்டி" என்றாள் ஜாய்ஸ் அக்கா. "எங்க இருந்து?"