உச்சி முரசுக்குக் காத்திருந்த மந்திரி

முன்னொரு காலத்தில், கடலே வாசலான ஒரு பட்டினத்தைக் கோமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். புலிக்கு அஞ்சாத அந்த மகாசூரன் தன் மீசையில் ஒரு நரைமுடியைக் கண்டதும் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தான்.

சபையில் வில்லவராயர் என்றொரு பிரபு. சீனக் கப்பலில் வாங்கிய சிவப்பு மாத்திரை ஒன்றைக் கொண்டுவந்து, "சீனத்துத் தாவோ ஞானிகளின் சாவா மருந்து மகாராஜா!" என்றார். ராஜா உடனே, "இதைப் பழிப்பவன் யானைக் காலில் மிதிபடுவான்" என்று ஆணையிட்டான். ஆனால் முதலில் விழுங்க அவனுக்கே தைரியமில்லை.

"சீலரட்சித அடிகளுக்குப் போடுவோம். பிச்சைப் பாத்திரத்தில் எது விழுந்தாலும் தின்பது புத்த பிக்குவின் விரதமாயிற்றே" என்றார் வில்லவராயர். அடிகளைப் பட்டினத்துக்கு அழைத்து வந்தவர் மந்திரி பொறையனார். மந்திரி மேல் இருந்த வயிற்றெரிச்சலை வில்லவராயர் இப்படித் தீர்த்துக்கொண்டார்.

மாத்திரையின் நிறத்தைப் பார்த்ததுமே பொறையனாருக்குத் தெரிந்துவிட்டது. அது சாதிலிங்கம், சித்திரத்துக்குப் பூசும் பாதரசச் சிவப்பு. அந்தச் சிவப்பு தோய்ந்த தூரிகையை நக்கி நக்கியே ஒரு சித்திரக்காரன் செத்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். சொன்னால் யானை, சொல்லாவிட்டால் அடிகளின் உயிர். பக்கத்தில் நின்ற தாவோ துறவி யுவான், பல தடவை கப்பலில் வந்து தமிழ் பழகியவர், மாத்திரையைப் பார்த்ததும் வெளிறிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார்.

மாத்திரையைப் பொடித்துக் கலந்த சோற்றை, சபைக்கு வரவழைத்த அடிகளின் பாத்திரத்தில் வில்லவராயரே போட்டார். அடிகள் ஒரு கவளம் எடுத்தார்.

"அடிகளே, ஒரு சந்தேகம்!" என்று கத்தியேவிட்டார் மந்திரி. "உங்கள் வழியும் தாவோ வழியும் ஒன்றா, வேறா?"

வாயில் சோற்றோடு பேசக்கூடாது என்பதும் பிக்குவின் விரதம். அடிகள் கவளத்தைக் கீழே வைத்தார். "இருவரும் மூச்சைக் கவனிக்கிறோம். அவர்கள் ஆயுளை நீட்ட மூச்சை அடக்குகிறார்கள். நாங்கள் வந்துபோவதைப் பார்க்கிறோம், அவ்வளவுதான்."

கை மறுபடி பாத்திரத்துக்குப் போனது. உச்சிப்பொழுதாக முற்றத்துக் கோலின் நிழல் இன்னும் நாலு விரல் சுருங்க வேண்டியிருந்தது. மந்திரி முந்திக்கொண்டார்.

"தண்ணீரைப் பற்றி?"

"தண்ணீரைப் போல் பள்ளம் தேடிப் போ என்பது எங்கள் பேச்சு" என்றார் யுவான். மந்திரி எதற்கு இழுக்கிறார் என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

"அதை வடிகட்டிக் குடி, அதிலும் உயிர் உண்டு என்பது எங்களுடையது" என்றார் அடிகள், மறுபடியும் கவளத்தை வைத்துவிட்டு.

"பேஷ்! இன்னும் கேள், மந்திரி!" என்றான் ராஜா.

"சோறு ஆறுகிறது மகாராஜா!" என்று பல்லைக் கடித்தார் வில்லவராயர். மந்திரி விடவில்லை. மறுபிறவி உண்டா, மலையில் சித்தர்கள் சாகாமல் இருக்கிறார்களா, ஆசையை அடக்குவதா, போக்கில் விடுவதா என்று நா வறள வறளக் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கவளம் வாய்வரை போய்த் திரும்பியது.

கடைசியில் உச்சி முரசு அதிர்ந்தது.

அடிகள் கையைக் கழுவினார். "உச்சி சாய்ந்தால் உண்பதில்லை. நாளைக்கு எடுத்து வைக்கவும் விதியில்லை. கொடுத்தவரே வாங்கிக்கொள்ளட்டும்" என்று பாத்திரத்தை வில்லவராயரிடம் நீட்டினார். பிக்குவின் விரதத்தில் பாதியை மட்டும் தெரிந்துகொண்டவர் வகையாக மாட்டினார்.

"சாப்பிடுமே" என்றான் ராஜா.

"பசியில்லை மகாராஜா..."

"சாகாமல் இருக்கப் பசி எதற்கு?"

வில்லவராயர் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு, தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார். அப்போதுதான் யுவானுக்கு வாய் வந்தது. "என் குருவும் இதைத் தின்றார் மகாராஜா. அவரைப் புதைத்தது நான். பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்."

ராஜா நரைத்த மீசையைத் தடவினான். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். "வில்லவராயரே, இனி தினமும் அடிகளுக்குச் சோறு போடுவது உம் வேலை. போடுமுன் ஒரு கவளம் நீர் தின்ன வேண்டும்."

சபை கலைந்தது. தூணைப் பிடித்தபடி நின்ற பொறையனாரின் கால்கள் வெடவெடத்தன.

"ஆபத்துதான் போய்விட்டதே, இப்போது ஏன் நடுங்குகிறீர்கள்?" என்று கேட்டார் அடிகள்.

"இப்போதுதானே சுவாமி, நடுங்க நேரம் கிடைத்தது!" என்றார் மந்திரி.