வெள்ளிப் பத்து ரூபாய்

திண்டுக்கல்லில் பழைய காசு சேர்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரு குரு உண்டு. பெயர் பர்வீன். பேங்க்குக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். வயது இன்னும் நாற்பதைத் தொடவில்லை. குரு என்று அவளாகச் சொல்லிக்கொண்டதில்லை. யாராவது சொன்னால் சிரிப்பாள். ஆனால் ஒரு காசு அசலா போலியா என்று சந்தேகம் வந்துவிட்டால், டாக்டரானாலும் வக்கீலானாலும் அந்த ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில்தான் வந்து கைகட்டி நிற்பார்கள்.

சிஷ்யன் சௌந்தரபாண்டி அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவன். பழனி ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. கடை இருக்கிறது என்று சொல்லலாம், திறந்திருக்கிறது என்று சத்தியம் பண்ண முடியாது. ஆள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பேங்க் பேங்க்காக அலைந்துகொண்டிருப்பான்.

பேங்க்கில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நம்ம ஊர் விசேஷம் தெரியுமே, பத்து ரூபாய் காயினை எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள். செல்லாது என்று எவனோ ஒரு மகானுபாவன் கிளப்பிவிட்டான், ஊர் முழுக்கப் பிடித்துக்கொண்டது. செல்லும் செல்லும் என்று அரசாங்கம் தொண்டை கிழியக் கத்தியும் பிரயோஜனமில்லை. கண்டக்டர் வாங்க மாட்டார். பூக்காரம்மா தொடக்கூட மாட்டாள். ஆக, வீட்டு மூலையில் கிடக்கிற பத்து ரூபாய் காயினெல்லாம் கடைசியில் பேங்க் கவுன்டருக்குத்தான் வந்து சேரும்.

அந்தக் குவியலில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அரசாங்கமே கொஞ்ச வருஷம் பத்து ரூபாயை வெள்ளியில் அடித்து விட்டது. ஆடிக்கு ஒன்று அமாவாசைக்கு ஒன்று என்று அதுவும் இந்தக் குவியலோடு வந்து விழும். கொண்டு வருகிறவருக்கும் தெரியாது, பல நேரம் வாங்கிப் போடுகிற கேஷியருக்கும் தெரியாது. காசு சேர்க்கிறவர்கள் கழுகு மாதிரி காத்திருப்பார்கள்.

சௌந்தரபாண்டியிடம் எழுபத்தொன்றாம் வருஷத்து வெள்ளிப் பத்து மட்டும் இல்லை. ஆல்பத்தில் எல்லாம் வரிசையாக இருக்க, நடுவில் அந்த ஒரு ஓட்டை. பல் விழுந்த இடத்துக்கே நாக்கு போகிற மாதிரி, அவன் கண் அங்கேயே போய் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மதுரையில் கண்காட்சி. அந்த ஓட்டையோடு போய் நிற்பதைவிடப் போகாமலே இருக்கலாம் என்று நினைத்தான். விலைக்கு வாங்கலாமே என்றால் அதற்கும் ரோஷம். "கடையில வாங்கி ஒட்டுறதுக்குப் பேரு சேகரிப்பா? கவுன்டர்ல பிடிக்கணும்யா!" என்று பத்துப் பேர் நடுவில் சொல்லி வைத்திருந்தான்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் வீட்டில் இருந்த ரூபாயையெல்லாம் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். கேஷியர்களுக்கு ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்க வேண்டும். மனைவி இந்திராணி வாசல் வரைக்கும் வந்தாள்.

"என்னங்க, பாலுக்குக் காசு?"

"சாயங்காலம் தரேன்."

"டீக்குப் பால் இல்லைங்க. சாமி மாடத்துல ஒரு பத்து ரூபா காயின் கிடக்கு. எங்கம்மா குடுத்தது. அதை வேணா..."

"பத்து ரூபா காயினை எந்தக் கடையில வாங்குறான்? பேங்க்ல குடுத்து நோட்டா மாத்திக்க."

"ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன். பழசா இருக்கு."

"ஏம்மா, எனக்கு இப்ப இதுக்கா நேரம்?" வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

முதல் பேங்க்கில் கேஷியர் நோட்டுக் கட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "சார், வெள்ளி வந்துச்சா?" என்று கண்ணாடிக்குள் தலையை விட்டான். அவருக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. "போங்க சார் அங்கிட்டு!" இரண்டாவது பேங்க்கில் ஸ்வீட் பாக்ஸை வாங்கிக்கொண்டார்கள், "வந்தா சொல்றோம்" என்றார்கள். அந்த வார்த்தையை அவன் அந்தக் கவுன்டரில் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. மூன்றாவது பேங்க்கில் வாட்ச்மேனே அவனைப் பார்த்ததும், "இன்னிக்கும் ஒண்ணும் வரலண்ணே" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

மிச்சமிருந்த ஒரே ஒரு பாக்ஸோடு வெயிலில் வந்து பர்வீன் கடையில் விழுந்தான். உட்கார்ந்தான். எழுந்தான். குட்டி போட்ட பூனை மாதிரி மெஷினைச் சுற்றி வந்தான்.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"நான் தெருத் தெருவா அலையிறேன். ஸ்வீட் வாங்கித் தரேன், சலாம் போடுறேன். எனக்கு ஒரு பய சொல்றதில்ல. நீங்க இந்தக் கடையை விட்டு இறங்குறதில்ல. வெள்ளி வந்தா எல்லா கேஷியரும் உங்களுக்குத்தான் போன் போடுறான். என்ன மந்திரம் வச்சிருக்கீங்க?"

பர்வீன் ஒரு பெரியவருடைய ஆதார் அட்டையை மெஷினில் வைத்து மூடினாள். "நீங்க அவங்ககிட்ட என்ன கேப்பீங்க?"

"வெள்ளி வந்துச்சான்னு கேப்பேன். வேற என்ன கேக்க?"

"நான் வேற ஒண்ணு கேப்பேன்."

"என்னது?"

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. எதிர் பேங்க் கேஷியர் கிருபாகரன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "யாரு தம்பி கொண்டு வந்தா?" அப்புறம் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே சௌந்தரபாண்டியை ஒரு பார்வை பார்த்தாள். போனை வைத்தாள்.

"ஒரு வெள்ளிப் பத்து வந்திருக்காம்ணே. எழுபத்தொண்ணு."

சௌந்தரபாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கால் கடையில், ஒரு கால் ரோட்டில்.

"நில்லுங்கண்ணே. வீட்டுல இந்திராணி அக்கா நல்லா இருக்காங்களா?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. இப்ப அதுவா முக்கியம்? வாங்க போவோம்!"

"பெரியவருக்கு இன்னும் ரெண்டு காப்பி எடுக்கணும்."

"ஐயோ, அதுக்குள்ள காசு சேக்குற அந்தப் பல் டாக்டர் வந்து அமுக்கிருவான் தாயே!"

"ஆக்கப் பொறுத்தீங்க, ஆறவும் பொறுங்க." நிதானமாகக் காப்பி எடுத்தாள். ஓரம் வெட்டினாள். பெரியவருக்கு எண்ணிச் சில்லறை கொடுத்தாள். சௌந்தரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒரு மனுஷி இவ்வளவு மெதுவாக இருக்க முடியுமா என்று அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"காசு உங்களுக்குத்தான்ணே. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு."

"சரி."

"என்னன்னு கேளுங்க முதல்ல."

"சரி, சொல்லுங்க சொல்லுங்க."

"காசு கொண்டு வந்தவங்க வீட்டுக்கு நேரா நீங்க போகணும். இது வெறும் பத்து ரூபா இல்ல, வெள்ளி, இன்ன விலை போகும்னு எடுத்துச் சொல்லணும். அதுக்கப்புறமும் அவங்களா மனசு வந்து குடுத்தா உங்களுது. இல்லைன்னா குடுத்துட்டு வந்துரணும்."

அவன் வாயைப் பிளந்தான். "எல்லாக் காசுக்கும் இப்படியா போவீங்க?"

"எல்லாத்துக்கும்தான்."

"திருப்பி வாங்கிக்க மாட்டாங்களா?"

"வாங்கிக்குவாங்க. நெறையப் பேரு வாங்கிக்குவாங்க."

"அப்புறம் உங்ககிட்ட என்னதான் மிச்சம்?"

"கேஷியருங்க எல்லாரும் போன் போடுறாங்கல்ல" என்று சொல்லிவிட்டு அவள் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

இது ஏதடா வம்பு என்று சௌந்தரபாண்டி நினைத்தான். ஆனால் எழுபத்தொன்று எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது மனுஷன் எதற்குத்தான் தலையாட்ட மாட்டான்? ஆட்டினான். எப்படியும் யாராவது விவரம் தெரியாத ஆளாக இருக்கும், பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான்.

கிருபாகரன் டிராயரைத் திறந்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினான். ஸ்வீட் பாக்ஸை நீட்டியபோது, "அதெல்லாம் வேணாம் சார், வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றான்.

சௌந்தரபாண்டி பிரித்தான். வருஷத்தைப் பார்த்தான். அதுதான். எழுபத்தொன்றேதான். அழுகை வந்துவிடும் போலிருந்தது. திருப்பிப் பார்த்தான்.

"அடப் பாவமே!"

"என்னண்ணே?" என்றாள் பர்வீன்.

"இங்க பாருங்க! எழுத்துக்கு எழுத்து இடுக்குல சந்தனம் காஞ்சு போய்க் கிடக்கு. மேல குங்குமம். அதுக்கு மேல விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. எந்த மகராசி பண்ணின வேலை இது? இதைப் போயி சாமி முன்னால வச்சு வருஷக் கணக்காப் பொட்டு வச்சிருக்கா பாருங்க!" கேஷ் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு அது தெரியவில்லை. "இத்தனை வருஷமா கண்ணு முன்னாலயே இருந்திருக்கு. அந்த வீட்டுல கண்ணு தெரிஞ்ச ஆம்பளை ஒருத்தன்கூடவா இல்ல?"

பர்வீன் கண்ணாடிப் பக்கம் கை காட்டி, "கேஷியர் தம்பிகிட்டக் கேளுங்கண்ணே" என்றாள்.

"என்னத்தைக் கேக்க?"

"நான் போன்ல கேட்டதை."

நிபந்தனை ஞாபகம் வந்தது. அரை மனசோடு கண்ணாடிப் பக்கம் குனிந்தான். "யாரு சார் கொண்டு வந்தது?"

"ஒரு அம்மா சார். காலையில கவுன்டர் திறந்ததும் வந்துச்சு. பத்து ரூபாய்க்குப் பால் வாங்கப் போயிருக்கு, கடையில இந்தக் காயினை வாங்கலையாம். 'இது என்னம்மா, இப்ப வர்ற காயினே செல்லாது, இதைத் தூக்கிட்டு வந்திருக்க'ன்னு பத்துப் பேர் முன்னால சொல்லிட்டானாம். கண்ணு கலங்கிப் போய் நின்னுச்சு. நோட்டா மாத்தித் தாங்கன்னுச்சு."

"சரி."

"எனக்கு மனசு கேக்கல சார். பூஜையில இருந்த காசு மாதிரி இருக்கே. 'அம்மா, இது பழசு. வச்சுக்கங்க, விவரம் தெரிஞ்சவங்ககிட்டக் காட்டிட்டு அப்புறம் மாத்துங்க'ன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"'எங்க வீட்டுக்காரருக்குக் காசைப் பத்தித் தெரியாத விஷயமே இல்ல சார். மதுரைக்கெல்லாம் கண்காட்சிக்குப் போறவரு. அவருதான் இதை பேங்க்ல குடுத்து மாத்திக்கன்னு சொன்னாரு'ன்னுச்சு. சொல்லும்போதே அந்தம்மாவுக்கு ஒரு பெருமை சார். அதுக்கு மேல நான் என்ன பேச? நோட்டைக் குடுத்துட்டேன்."

சௌந்தரபாண்டி குனிந்தவன் குனிந்தபடியே நின்றான்.

"ஒரு பத்து ரூபா நோட்டு குடுங்க சார்" என்றான் கிருபாகரன். "கணக்கு நேராகணும்."

சட்டைப் பையைத் தடவினான். பேன்ட் பையைத் தடவினான். ஸ்வீட் கடையில் எல்லாம் போயிருந்தது. பர்வீன் தன் பர்ஸிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள். பின்னால் நின்ற ஆள், "நகருங்க சார்" என்றார். அவன் நகர்ந்தான்.

வெளியே வந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு கையில் ஸ்வீட் பாக்ஸ், இன்னொரு கையில் காசு. விரலெல்லாம் குங்குமம் ஒட்டியிருந்தது. அதை அவன் துடைக்கவில்லை.

வண்டி எதிரேதான் நின்றது. பேங்க் பேங்க்காக ஓடின மனுஷனுக்கு அந்தப் படியை விட்டு ஒரு எட்டு இறங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தச் சாமி மாடத்தை அவன் நின்று பார்த்ததில்லை.

"வாத்தியாரம்மா" என்றான். "இப்ப நான்..."

"நிபந்தனை நிபந்தனைதான்ணே. கொண்டு வந்தவங்க வீட்டுக்கு நேராப் போங்க."

அவன் காசைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தான்.

பர்வீன் ரோட்டைக் காட்டி, அசலூர்க்காரனுக்கு வழி சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள்:

"இப்படியே பழனி ரோட்டுல போங்க. ஒரு மோட்டார் கடை வரும், பூட்டிக் கிடக்கும். அதுக்குப் பின்னாலதான் வீடு. இந்திராணி அக்கா இருக்காங்களான்னு கேளுங்க."