ரோட்டில் உட்கார்ந்த இரண்டு கவுன்சிலர்கள்

கணக்குக்கும் நியாயத்துக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. இந்தக் கதைக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. ஆகவே நிதானமாகக் கேளுங்கள்.

தெற்கே ஒரு நகரத்தில் மேட்டுத்தெரு என்று ஒரு தெரு. பெயருக்குப் பொய் சொல்லாத மேடு. குழாய் பள்ளத்தெருவைத் தாண்டி அங்கே ஏறி வருவதற்குள் தண்ணீர் தீர்ந்து, காற்று மட்டும் வந்து சேரும். அந்தத் தெருவில் ஞானசௌந்தரி என்பவர் இருந்தார். அவருக்குத் தொழில் தையல். கலை, சாலை மறியல். கலை என்று சும்மா சொல்லவில்லை, அதற்கு அவர் இலக்கணமே வகுத்திருந்தார். மாநகராட்சிக் கூட்டம் நடக்கும் நாளில்தான் மறிக்க வேண்டும். அன்றுதான் எல்லாக் கவுன்சிலர்களும் முச்சந்தி வழியாக வந்தாக வேண்டும். காலிக்குடத்தைச் சாய்த்து வைக்க வேண்டும்; நிமிர்த்தி வைத்தால் காலி என்பது பத்திரிகைப் படத்தில் தெரியாது. வண்டியை மறிக்கலாம், நடந்து போகும் ஆளை மறிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் வந்து என்ன சொன்னாலும் சொல்லை நம்பி எழக் கூடாது; தண்ணீரைப் பார்த்துத்தான் எழ வேண்டும்.

இந்த இலக்கணத்தால் பல வருஷம் லாரித் தண்ணீராவது மேட்டுக்கு ஏறியது. பிறகு தேர்தல் வந்தது. தெருவே அவரைப் பிடித்து வேட்பாளராக நிறுத்தியது. ஓட்டுக் கேட்டுப் போன இடத்தில் ஒரு காலிக்குடத்தின் மேல் கை வைத்து அவர் சொன்னார்: "நான் கவுன்சிலரான பிறகும் நீங்க ரோட்டுல உட்கார்ந்தா, நானும் வந்து உட்காருவேன். நீங்க எந்திரிக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

ஜெயித்தார். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, மேட்டுத்தெருவுக்குத் தனி மோட்டாரும் தொட்டியும் வேண்டும் என்ற தீர்மானத்தை மன்றம் வரை கொண்டுவந்துவிட்டார்.

அதை எதிர்த்தவர் பள்ளத்தெரு கவுன்சிலர் சிவனணைந்தபெருமாள். அத்தனை நீளப் பெயரைச் சொல்ல ஊருக்குப் பொறுமை கிடையாது, பெருமாள் அண்ணாச்சி. கெட்டவர் அல்ல. மேட்டில் மோட்டார் உறிஞ்சினால் தங்கள் குழாய் வற்றிவிடும் என்று அவருடைய மக்கள் பயந்தார்கள். எதிர்த்துக் கை தூக்குகிறேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

இங்கே கொஞ்சம் கணக்கு. எல்லாக் கவுன்சிலர்களும் வந்தால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் மேயர் போடும் ஓட்டே முடிவு; மேயர் மோட்டார் பக்கம். ஆக, சௌந்தரி ஒருவர் வராவிட்டால் தீர்மானம் தோற்றுவிடும்.

கூட்ட நாள் காலை சௌந்தரி கிளம்பி வருகிறார். முச்சந்தியில் மேட்டுத்தெருப் பெண்கள் குடங்களைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். தலைமை பாத்திமுத்து, சௌந்தரியிடமே மறியல் கற்றவள்.

"இன்னைக்கு நம்ம தீர்மானம் வருது பாத்திமுத்து. எந்திரிங்க, நான் போய் முடிச்சிட்டு வாரேன்."

"வருது வருதுன்னு முன்னால இருந்த கவுன்சிலரும்தான் சொன்னாரு. அப்ப நீங்க அவருக்கு என்ன பதில் சொன்னீங்கக்கா?"

தண்ணியக் காட்டு, அப்புறம் எந்திரிக்கிறேன் என்று சொன்னது சௌந்தரிக்கு நன்றாகவே நினைவிருந்தது.

"உங்கள நாங்க தடுக்கல. போறதுன்னா போங்க" என்றாள் பாத்திமுத்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கியபடி.

சௌந்தரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் பெருமாள் அண்ணாச்சியின் கார் வந்து நின்றது. இறங்கினார். மன்றம் அங்கிருந்து கூப்பிடு தூரம், நடந்தே போய்விடலாம்.

"என்னம்மா, உன் தீர்மானத்துக்கு நீயே மறியலா?"

"வாக்குக் குடுத்துட்டேன் அண்ணாச்சி. நீங்க போய் ஜெயிச்சிட்டு வாங்க."

அவர் கொஞ்ச தூரம் போனார். திரும்பி வந்தார். "உன்னைய மன்றத்துல வச்சுத் தோற்கடிக்கணும்னுதான் வந்தேன். நீ இங்க கெடக்கும்போது அங்க ஜெயிச்சு என்ன செய்ய?" தோள் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். "நீயும் இல்ல, நானும் இல்ல. கணக்கு நேராப் போச்சு. உன் மோட்டார் வந்துரும்."

பாத்திமுத்து கேட்டாள்: "அப்ப பள்ளத்தெருவுக்கு என்ன பதில் சொல்லுவீங்க அண்ணாச்சி?"

"என்னத்தச் சொல்ல? நாளைக்கு அவங்க குடத்தத் தூக்கிட்டு என் வீட்டு முன்னால வந்து உட்காருவாங்க. உங்களப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்."

பாத்திமுத்து அவரைப் பார்த்தாள். சௌந்தரியைப் பார்த்தாள்.

"எல்லாரும் எந்திரிங்கடி."

"தண்ணி வந்துட்டுதா அக்கா?" என்றாள் ஒருத்தி.

"வரல. எந்திரி."

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே குடங்களை இடுப்பில் வைத்தார்கள். கடைசிப் பெண் எழுந்த பிறகே சௌந்தரி எழுந்தார். அண்ணாச்சியின் முழங்காலுக்கு அவர்தான் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

மன்றத்தில் அண்ணாச்சி, வேட்டியின் பின்பக்கம் ரோட்டுத் தூசியோடு, எதிர்த்துக் கை தூக்கினார். அதே தூசியோடு சௌந்தரி ஆதரித்துத் தூக்கினார். சமம். மேயர் ஓட்டுப் போட்டார், தீர்மானம் நிறைவேறியது.

இப்போது சொல்லுங்கள். சொன்ன சொல்லுக்காகச் சௌந்தரி தன் வாழ்நாள் உழைப்பையே விட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். அண்ணாச்சி கைக்கு வந்த வெற்றியை விட்டுவிட்டு உட்கார்ந்தார். பாத்திமுத்து பிடித்த ரோட்டை விட்டு எழுந்தாள். அண்ணாச்சி உட்கார்ந்தபோதே கணக்கு முடிந்துவிட்டது, அவள் எழாவிட்டாலும் மோட்டார் வந்திருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். மூவரில் பெரிதாகக் கொடுத்தவர் யார்?

பாத்திமுத்து என்பது என் விடை. சௌந்தரி விட்டது மேட்டுத்தெருவின் ஓட்டு, அண்ணாச்சி விட்டது பள்ளத்தெருவின் ஓட்டு. இருவரும் பெரிய மனசோடு அடுத்தவர் பொருளை எடுத்துக் கொடுத்தார்கள். அவள் எழுந்ததால் மேட்டுத்தெருவுக்கு ஒரு சொட்டும் கூடவில்லை. எதிர்த்தரப்பு மனிதர் ஒருவர் தன் மக்களுக்குக் கொடுத்த வாக்கு பிழைத்தது, அவ்வளவுதான். அதற்காகத் தண்ணீரைப் பார்க்காமலே எழுந்தாள். ரோடு மட்டும் அவளுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதல்லவா என்று சட்டம் படித்த நண்பர் ஒருவர் கேட்கிறார். வாஸ்தவம். ஆனால் ரோட்டோடு சேர்த்து அவள் தன் கோபத்தையும் கொடுத்தாள். அதற்கு எந்தத் துறையும் உரிமை கொண்டாட முடியாது.