ஏழெட்டு

“நாலு மார்க் போடலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க, அண்ணாச்சி.”

தெய்வச்சிலை விடைத்தாளை நீட்டிக்கொண்டு நின்றான். தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். அந்தச் சம்பளம் வீட்டு வாடகையோடு சரி. விடிந்ததும் வீடு வீடாகப் போய் இட்லி மாவு விற்றால்தான் மனைவிக்கு டயாலிசிஸ்.

சங்கரபாகம் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மெஸ் போட்டார். மெஸ் பெருத்தது. பள்ளியை விட்டார். பிழைப்புக்குக் கடை போட்ட வாத்தியார்களுக்கெல்லாம் இப்போது அவர்தான் குரு.

“யார் பிள்ளை வே?”

“காலனி செகரட்டரி அம்மா மகன். ‘மாவு சார், எம் பையன் பெயிலானா இந்தத் தெருவுல உங்க மாவு போகாது’ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. பாத்திரத்தை நீட்டிக்கிட்டே.”

“மாவு புளிச்சா என்ன செய்வீரு?”

“கொட்டிருவேன்.”

“மாவுல மட்டும் உஷாருதான்.”

தெய்வச்சிலைக்குச் சுர்ரென்று ஏறியது.

“உபதேசத்தை விடுங்க. வியாழக்கிழமை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். கால் வீங்கிக் கிடக்கா. நீங்க இப்படி மார்க் போட்டிருக்கீங்களா, இல்லையா?”

கத்தி நின்றது.

“ஒரு தடவை. காய்கறி மண்டிக்காரர் மகளுக்கு. ரெண்டே மார்க்.”

“அப்புறம்?”

“காய் தட்டாம வந்துது. மெஸ் நின்னுச்சு. எம் பிள்ளைங்க படிச்சுது.”

“அவ்வளவுதானே!”

தெய்வச்சிலைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வானம் இடிந்து விழவில்லை. மனுஷர் நன்றாகத்தான் இருக்கிறார்.

“அடுத்த வருஷமே ஏன் பள்ளிக்கூடத்தை விட்டீங்க?”

“அதுக்கப்புறம் எனக்குத் தாள் திருத்த வரலை வே.” சங்கரபாகம் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார்.

“எங்கயாவது நாலு தேறுமான்னு பாருங்க. நான் மூணு தரம் பாத்துட்டேன். பாவி, ஏழெட்டு ஐம்பத்திநாலுன்னு எழுதி வச்சிருக்கான்.”

அவர் விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து. நெற்றி வேர்த்தது.

“எந்த இடம்?”

“இந்தா, இங்க.”

வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்தார். முகத்தில் கேலி இல்லை.

“இதுல என்ன தப்பு வே?”