கிறிஸ்துமஸ் தாத்தா ஆடக் கற்ற மணல்

அந்தக் காலத்தில் மான்கள் பேசின. கேட்கப் பிடிக்காதவர்கள் தூங்கிவிடுவார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா ஆண்டு முழுவதும் தூங்கினார். மார்கழியில் ஓரிரவு எழுவார், கைக்கு அகப்பட்டதை மூட்டையில் திணித்துக்கொண்டு உலகைச் சுற்றுவார், வந்து மீண்டும் போர்வைக்குள் புகுந்துகொள்வார். இதற்குத்தான் இத்தனை புகழ்.

ஒரு சித்திரையில், அவர் வண்டியை இழுக்கும் மூத்த பனிமான் போர்வையைப் பற்களால் பிடித்து இழுத்தது.

"எழுந்திரும். போன முறை தெற்குக் கடற்கரையில் வண்டி கூரைகளில் உரசியதே, கவனித்தீரா?"

"உனக்கு வயதாகிவிட்டது."

"எனக்கா? பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தால்தான் எங்களால் பறக்க முடியும். அந்த ஊரில் ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை. இது மற்ற ஊர்களுக்கும் பரவினால் உம்முடைய வேலை போயிற்று."

தாத்தாவின் தூக்கம் கலைந்தது. அவருக்கு இருந்ததே அந்த ஓரிரவு வேலைதான். அதுவும் போனால் மிஞ்சுவது தாடி மட்டும்.

உடனே தெற்கே புறப்பட்டார்கள். ஊரை நெருங்கியதும் வண்டி கனத்து, தேரி எனும் செம்மணல் மேட்டில் தொப்பென்று விழுந்தது. உச்சி வெயில். மீன் காயவைத்துக்கொண்டிருந்த சலேத்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கம்பளிக் கையுறை குடுத்த மகராசனா? வாரும். எம்மவ பிரகாசி அதைப் போட்டுத்தான் சோத்துப் பானை இறக்குதா. பக்கத்து வீட்டுப் பயலுக்குப் பனியில சறுக்குற கட்டை குடுத்தீரே, அதுல கருவாடு காயுது."

"பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும், அம்மா?"

"என்னைய ஏன் கேக்கீரு? பூட்ஸைக் கழத்தும். எம்பிள்ளை தண்ணிக்குப் போற வழியில நடந்து பாரும். பொறவு நீரே சொல்லும்."

பனிமான் வேறு பக்கம் பார்த்தது. தாத்தா பூட்ஸைக் கழற்றினார்.

முதல் அடியை வைத்தார். இரண்டாவது அடிக்குக் கால் கொதிக்கும் மணலில் பாவவில்லை. இடக்கால், வலக்கால் என்று மாற்றி மாற்றிக் குதித்தார். இடுப்பு ஒரு பக்கமும் தொப்பை மறுபக்கமுமாகக் குலுங்கின. "ஹோ! ஹோ! ஹோ!" என்று அலறினார். அதைச் சிரிப்பு என்று எழுதிவைத்தவர்கள் அந்த மணலில் கால் வைக்காதவர்கள்.

"யம்மா, தாத்தா ஆடுதாரு!" என்று கத்தியபடி பிரகாசி ஓடிவந்தாள். அவள் பின்னே ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரும், அத்தனையும் வெறுங்கால். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிக்கப்படாது தாத்தா! அந்தா அந்தப் பனை நிழலுக்கு ஓடு! இப்பம் அடுத்த பனை!"

கிணற்றடி சேர்ந்ததும் தாத்தா ஈர மண்ணில் உட்கார்ந்து தம் பாதங்களைப் பார்த்தார். பிறகு அவளுடைய பாதங்களைப் பார்த்தார்.

"செருப்பு," என்றார், மூச்சு வாங்க. "எல்லாருக்கும் செருப்பு."

"எனக்குச் செவப்பு. நெசமா வருவியா?"

"வருவேன்."

"அப்பம் பாத்துக்கிட்டே இருப்போம்!"

தேரியில் புதைந்து கிடந்த வண்டி தானாகவே மேலெழுந்து வந்தது.

"வாரும், வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்," என்றது பனிமான், வேண்டுமென்றே.

"அடுத்த ஊருக்கு விடு," என்றார் தாத்தா. "பூட்ஸை மூட்டையில் போடு."

அன்று முதல்தான் கிறிஸ்துமஸ் தாத்தா ஆண்டு முழுவதும் பிள்ளைகள் நடக்கும் வழிகளில் வெறுங்காலோடு நடந்து திரிகிறார். மார்கழியில் மட்டும் பூட்ஸ் அணிகிறார்; ஆனால் கால்கள் அந்த மணலை மறக்கவில்லை. அதனால்தான் கிறிஸ்துமஸுக்கு நம் தெருவுக்குள் அவர் நடந்து வருவதில்லை, ஆடிக்கொண்டே வருகிறார்.